எல்லாரும் கொண்டாடின சினிமா நையாண்டிப் படம் உங்களுக்குப் பிடிக்கேல்லயா? நான் செஞ்சு பாத்த வழி இது

போன மாசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில பிரெண்டின்ர பிளாட்டில ஆறு பேர் சேந்து புரொஜெக்டர் போட்டு ஒரு படம் பாத்தனாங்கள், 1992இல வந்த த பிளேயர், ரொபேர்ட் ஆல்ட்மன் எடுத்தது, ஹொலிவூட்டைப் பற்றி ஹொலிவூட்டே எடுத்த நையாண்டி, இதை மிஞ்சி ஒண்டும் இல்லை எண்டு கனக்க இடத்தில வாசிச்சிட்டு நான்தான் ஒரு மாசமா குரூப்பில சொல்லிச் சொல்லி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தனான். படம் முடிஞ்சு லைட் போட்டாப் பிறகு ஒருத்தரும் கதைக்கேல்ல. கடற்கரைப் பக்கம் ரயில் ஒண்டு போன சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு மெதுவா ஒருத்தன் சொன்னான், "மச்சான், இதுக்கா இவ்வளவு?"

எனக்கு உண்மையிலயே கவலையாப் போச்சு. கவலை அவன் சொன்னதால இல்லை, எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. காலி வீதியால நடந்து வீட்ட வரேக்க ரெண்டு யோசினை மாறி மாறி வந்துகொண்டிருந்தது, ஒண்டு எனக்குச் சினிமா விளங்கேல்ல எண்டது, மற்றது விமர்சகர்மார் எல்லாம் சும்மா ஆளுக்கு ஆள் முதுகு சொறியினம் எண்டது. ரெண்டுமே பிழை எண்டு இப்ப எனக்குத் தெரியும், ஆனா அதைத் தெரிஞ்சுகொள்ள எனக்கு மூண்டு கிழமை எடுத்தது. இந்த மாதிரிப் படம் பாத்து ஏமாந்து போய் இருக்கிற ஆக்களுக்கு அந்த மூண்டு கிழமையில நான் செஞ்சதை வரிசையாச் சொல்லுறன். படத்தின்ர கதை முழுக்கச் சொல்லவேண்டி வரும், இன்னும் பாக்காத ஆக்கள் பாத்திட்டு வந்து வாசியுங்கோ.

அண்டைக்கு இரவு தீர்ப்புச் சொல்லாதேங்கோ

படம் முடிஞ்ச உடன வாற கோவம் படத்தில வாற கோவம் இல்லை, எதிர்பார்ப்பு உடைஞ்ச கோவம். அந்த நேரத்தில வாய் திறந்தா "குப்பை" எண்ட சொல்தான் வரும், ஒருக்கா அதைச் சொல்லிப்போட்டால் பிறகு அந்தச் சொல்லைக் காப்பாத்துறதுக்காகவே நாங்கள் காரணம் தேடத் தொடங்கியிடுவம். அதால போனை எடுத்து மூண்டு வரி மட்டும் எழுதுங்கோ. நான் என்னத்தை எதிர்பாத்தனான், எந்த இடத்தில என்ர மனம் படத்தை விட்டு வெளியில போனது, படம் முடிஞ்ச பிறகும் எந்தக் காட்சி கண்ணுக்குள்ள நிக்குது. இவ்வளவும்தான், பந்தி பந்தியா எழுத வேண்டாம்.

நான் எழுதினது இது. விழுந்து விழுந்து சிரிக்கிற படம் எண்டு நினைச்சனான். பிரபலங்கள் ஒராளுக்குப் பின்னால ஒராள் சும்மா முகம் காட்டிக்கொண்டு போன இடங்களில மனம் விட்டுப் போச்சு. கண்ணுக்குள்ள நிக்கிறது கார் நிப்பாட்டுற இடத்தில கொஞ்சத் தண்ணிக்குள்ள செத்துக் கிடந்த அந்த எழுத்தாளர்.

மூண்டாவது வரியைக் கவனமா வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும். ஒரு காட்சியாவது நிண்டிருந்தால் அந்தப் படம் உங்களுக்கு வேலை செஞ்சிருக்கு, எந்த இடத்தில செஞ்சது எண்டுதான் தெரியேல்ல. ஒண்டுமே நிக்கேல்ல எண்டா நேர்மையா விட்டுப்போட்டு அடுத்த படத்துக்குப் போங்கோ, ஆயுசு முழுக்க ஒரு படத்தோட மல்லுக்கட்டத் தேவையில்லை.

படத்தை உண்மையிலயே கேட்டனீங்களோ?

"பாத்தனீங்களோ" எண்டு கேக்கேல்ல, "கேட்டனீங்களோ" எண்டுதான் கேக்கிறன். ஆல்ட்மனின்ர படங்களில ஒராள் கதைச்சு முடிக்க முதலே மற்ற ஆள் கதைக்கத் தொடங்கியிடுவார், பின்னால நிக்கிற ரெண்டு பேர் வேற ஒரு விசயம் கதைப்பினம், எல்லாம் ஒரே நேரத்தில காதில விழும், அவர் அப்பிடித்தான் வேணுமெண்டு ஒலிப்பதிவு செய்யிறவர். சப்டைட்டில் போட்டுப் பாக்கிற எங்களுக்கு அதில ஒராளின்ர வரி மட்டும்தான் கீழ வரும். மற்ற ஆக்கள் சொன்ன பகிடி எல்லாம் காத்தில போயிடும். நாங்கள் பாத்த அண்டைக்கு கையளவு புளூடூத் ஸ்பீக்கர், மேல ஃபேன் சத்தம், கீழ கடையில கொத்து அடிக்கிற சத்தம், பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரயில். படத்தின்ர பாதி எங்கட காதுக்கு வந்து சேரவே இல்லை.

அதால ஒரு நாள் இரவு தனிய இருந்து நல்ல ஹெட்போன் போட்டு முதல் பத்து நிமிசத்தை மட்டும் திருப்பிப் பாருங்கோ, முழுப்படத்தையும் பாக்க வேண்டாம். படத்தின்ர முதல் ஷொட் கிட்டத்தட்ட 8 நிமிசம், வெட்டே இல்லை, ஸ்டூடியோ முத்தத்தில கமரா ஜன்னல் ஜன்னலாப் போய் எட்டிப் பாக்குது. அதுக்குள்ளயே ஒரு பாத்திரம் நடந்து கொண்டு, இப்ப வாற படங்களில எல்லாம் வெட்டு வெட்டு வெட்டு, ஓர்சன் வெல்ஸ் 1958இல எடுத்த டச் ஒஃப் ஈவில் படத்தின்ர தொடக்க ஷொட் எவ்வளவு நீளம் தெரியுமோ எண்டு முறைப்பட்டுக்கொண்டு போகும். நீளமான ஷொட்டுக்குள்ள நிண்டு நீளமான ஷொட்டைப் பற்றிக் கதைக்கினம். முதல்தரம் பாக்கேக்க எனக்கு இது விழவே இல்லை, ரெண்டாந்தரம் ஹெட்போனில கேக்கேக்கதான் அட எண்டு இருந்தது. அதே ஷொட்டில ஜன்னலுக்கு உள்ளுக்கு ஒராள் த கிராஜுவேட் படத்தின்ர ரெண்டாம் பாகக் கதை சொல்லுறார், அந்த ஆள் பக் ஹென்றி, 1967இல வந்த அந்த முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதினவர்களில ஒருவர் அவரேதான். தன்ர நல்ல வேலையைத் தானே வந்து கூறு போட்டு விக்கிறார். இது தெரியாட்டில் கண்ணாடி போட்ட ஒராள் என்னவோ கதைக்கிறார் எண்டுதான் இருக்கும், எனக்கும் அப்பிடித்தான் இருந்தது.

பாராட்டினவை என்னத்தைப் பாராட்டினவை எண்டு பிரிச்சுப் பாருங்கோ

இதுதான் எனக்கு ஆகக்கூட உதவின வேலை, அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன்.

"உலகமே கொண்டாடின படம்" எண்டு நாங்கள் ஒரே மூட்டையாக் கட்டி வைச்சிருப்பம். அந்த மூட்டையை அவிழ்த்துப் பாத்தால் உள்ளுக்கு வேற வேற சாமான் இருக்கும். த பிளேயர் 1992இல கேன்ஸ் விழாவில சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் எண்டு ரெண்டு விருது எடுத்தது, நடிகர் டிம் ரொபின்ஸ். பிறகு ஒஸ்காருக்கு மூண்டு பரிந்துரை, இயக்கம், தழுவின திரைக்கதை, படத்தொகுப்பு. அந்தப் பட்டியலை வடிவாப் பாருங்கோ, சிறந்த படம் எண்ட பரிந்துரை அதில இல்லை. செய்த விதத்துக்குத்தான் கூட மரியாதை கிடைச்சிருக்கு. மனசை உருக்கிற கதை எண்டு அவை எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்ல, அதை நாங்களாத்தான் சேர்த்து எதிர்பாத்தது.

அடுத்தது ஆளின்ர கதை. ஆல்ட்மன் 1970இல மாஷ், 1975இல நாஷ்வில் எண்டு எடுத்து உச்சத்தில நிண்டவர். 1980இல பொப்பாய்க்குப் பிறகு பெரிய ஸ்டூடியோக்களோட ஒத்துவராமல் போய் பத்து வருசத்துக்குக் கிட்ட சின்னப் படங்கள், மேடை நாடகத்தைப் படமாக்கிறது, டிவி எண்டு ஒதுங்கி இருந்தவர். அப்பிடி ஒதுங்கின மனுசன் 67 வயசில திரும்பி வந்து ஸ்டூடியோக்காரரின்ர முகத்துக்கு நேர கண்ணாடி பிடிக்கிறார், அதுக்குள்ள 60 பேர் அளவில பிரபலங்கள் தாங்களாகவே வந்து நிக்கினம். அந்த நேரத்துப் பத்திரிகைக்காரருக்கு அது எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கன காலம் காணாமல் போன சித்தப்பா கோயில் திருவிழாவுக்கு வந்து நிக்கிற மாதிரி. அந்தச் சந்தோசமும் விமர்சனத்துக்குள்ள கலந்துதான் இருக்கும், கலந்ததில பிழையும் இல்லை. ஆனா முப்பது வருசத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில இருந்து பாக்கிற எங்களுக்கு அவர் எங்கட சித்தப்பா இல்லை.

எங்கட பிளாட்டுக்குக் கீழ் வீட்டில ஒரு அண்ணை இருக்கிறார், றீகலிலயும் சவோயிலயும் கியூவில நிண்டு படம் பாத்த காலத்து ஆள். அவரிட்ட இதைச் சொல்லி முறைப்பட்டனான். அவர் சொன்னார், "தம்பி, நீர் ஒருத்தரையும் தெரியாத கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறீர். மாப்பிள்ளையின்ர மாமா மைக்கில ஏதோ சொல்லுறார், மண்டபமே சிரிக்குது, நீர் மட்டும் சோத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறீர். மாமா பகிடியாத்தான் கதைச்சவர், உம்மிலயும் பிழை இல்லை. உமக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது, அவ்வளவுதான்." அதைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்தக் கலியாண வீட்டுப் பிரச்சினை மற்றப் படங்களை விட சினிமாவைப் பற்றின நையாண்டிப் படங்களுக்குத்தான் கூட. அதில நடிக்கிறவையும் அந்த ஊர், அதைப் பாத்து முதலில எழுதுறவையும் அந்த ஊரோட புழங்கிற ஆக்கள், விருது குடுக்கிறவையும் சினிமா ஆக்கள். சொந்த வீட்டைப் பற்றின நக்கல் எண்டா எல்லாருக்கும் ஒரு படி கூடத்தான் இனிக்கும். அதால இந்த வகைப் படத்துக்கு வாற பாராட்டில எப்பவும் கொஞ்சத்தைக் கழிச்சுப்போட்டு வையுங்கோ, ஆனா முழுசாக் கழிச்சிடாதேங்கோ.

பகிடியை உங்கட ஊருக்குக் கொண்டு வாங்கோ

படத்தில கிரிஃபின் மில் எண்டவர்தான் நாயகன், ஸ்டூடியோவில கதை கேக்கிற பெரியவர். வருசத்துக்கு 50,000 கதை வருது, அதில பன்னிரண்டுக்குத்தான் ஓம் சொல்ல ஏலும் எண்டு அவரே சொல்லுறார். கதையை 25 சொல்லுக்குள்ள சொல்லச் சொல்லிக் கேக்கிறார். வாறவை அந்தப் படமும் இந்தப் படமும் சேந்த மாதிரி எண்டு ரெண்டு ஹிட் படத்தின்ர பேரை ஒட்டிச் சொல்லினம். இது எங்களுக்குத் தெரியாத உலகம் எண்டு நினைச்சுத்தான் நான் வெளியில நிண்டனான், ஆனா கோடம்பாக்கத்தில "ஒன்லைன் சொல்லுங்க" எண்டு கேக்கிறதும் இதுதானே. ஹீரோ அறிமுகப் பாட்டு, இன்டர்வெல்லில ஒரு திருப்பம், கடைசியில சண்டை எண்டு ஒரு கதையைப் பிடிச்சு அச்சில ஊத்திறதை நாங்கள் சின்ன வயசில இருந்து பாத்து வளந்தனாங்கள். அந்த இடத்தில ஹொலிவூட் ஆளைத் தூக்கிப்போட்டு, கதை கேக்கிற ஒரு சென்னைத் தயாரிப்பாளரை இருத்திப் பாருங்கோ, அரைவாசிப் பகிடி தானா விளங்கும்.

எனக்கு அதை விடக் கிட்ட ஒண்டு இருந்தது. சில வருசத்துக்கு முதல் ஒரு குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி இஞ்ச கொழும்பில ஒரு இடத்தில குடுத்தனான். வடிவாக் கதைச்சவை, தேத்தண்ணி தந்தவை, "நாங்கள் உங்களுக்கு எடுக்கிறம்" எண்டவை. எட்டு மாசம் போன் அடிக்கும் அடிக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், வேண்டாம் எண்டு ஒரு சொல்லுக்கூட வரேல்ல. வேண்டாம் எண்டால் அழுதிட்டு அடுத்த வேலையைப் பாத்திருப்பன், பதிலே இல்லாமல் விடுறதுதான் ஆளைத் தின்னும். த பிளேயரில கிரிஃபினுக்கு மிரட்டல் போஸ்ட்கார்ட் போடுற ஆளின்ர கோவமும் இதுதான், திருப்பிக் கதைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுக் கதைக்கேல்ல. முதல்தரம் பாக்கேக்க அதை ஒரு திரில்லர் முடிச்சு எண்டு நினைச்சு விட்டிட்டன். போன வியாழக்கிழமை இரவு திருப்பிப் பாக்கேக்க அந்த முதல் போஸ்ட்கார்டில படத்தை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான்.

உங்களுக்கும் ஒரு கிரிஃபின் மில் இருப்பார். நீங்கள் வேலைக்கு அப்ளை பண்ணின ஒஃபிஸில, கவிதை அனுப்பின இடத்தில, லோனுக்குப் போன கவுண்டரில, எங்கயோ ஒராள் சிரிச்ச முகத்தோட உங்களைக் காக்க வைச்சிருப்பார். அந்த முகத்தை டிம் ரொபின்ஸின்ர முகத்துக்கு மேல வைச்சுப் பாருங்கோ.

இதில ஒரு விசயம் சொல்லாமல் போக மனம் வரேல்ல. எங்கட நாட்டில தமிழில படம் எடுக்கிறது 1960களின்ர தொடக்கத்தில இருந்து நடக்குது, 1962இல சமுதாயம், 1972இல குத்துவிளக்கு, 1977இல தர்மசேன பத்திராஜ எண்ட சிங்கள இயக்குநர் தமிழில எடுத்த பொன்மணி, 1978இல வாடைக்காற்று. ஆனா இந்தியாவில இருந்து வாற பெரிய படங்களுக்கு நடுவில இவைக்குத் தியேட்டர் கிடைக்கிறதே பெரிய பாடு. ஹொலிவூட் தன்ர பெரிய வீட்டைத் தானே நக்கலடிக்கிறதைப் பாக்கேக்க எனக்கு வந்த சலிப்பில இதுவும் ஒரு பங்கு எண்டு நினைக்கிறன். எங்களுக்கு நக்கலடிக்கிறதுக்குக்கூட அப்பிடி ஒரு வீடு இன்னும் கட்டி முடியேல்ல. உங்கட சலிப்புக்குப் பின்னாலயும் இப்பிடி ஏதாவது இருக்குதோ எண்டு தேடிப் பாருங்கோ, அது படத்தின்ர குற்றம் இல்லை, ஆனா உண்மையான உணர்வு, எழுதேக்க அதை மறைக்கத் தேவையில்லை.

ரெண்டு காட்சியை மட்டும் திருப்பிப் பாருங்கோ

படம் 124 நிமிசம். முழுக்க ரெண்டாந்தரம் பாத்தால் அதே சலிப்புத்தான் ரெண்டு மடங்காகும். மூண்டாவது வரியில நீங்கள் எழுதின காட்சியும், படம் தன்னைத்தான் விளக்கிற ஒரு காட்சியும், இந்த ரெண்டும் போதும்.

நான் முதலில எடுத்தது அந்த எழுத்தாளரைச் சந்திக்கிற இடம். போஸ்ட்கார்ட் போடுறது டேவிட் கேஹேன் எண்டவர்தான் எண்டு நினைச்சு கிரிஃபின் அவரைத் தேடி ஒரு தியேட்டருக்குப் போறார். அங்க ஓடுறது விட்டோரியோ டி சீக்காவின்ர 1948ஆம் ஆண்டு இத்தாலியப் படம், பைசிக்கிள் தீவ்ஸ். படம் முடிய கிரிஃபின் போய்க் கதை குடுக்கிறார், இதைத் திருப்பி எடுக்கலாம் எண்ட மாதிரி, அதுக்கு எழுத்தாளர் நீங்கள் எடுத்தால் சந்தோசமான முடிவு வைச்சிடுவீங்கள் எண்ட கருத்தில சொல்லுறார். அந்த ஒரு வரியிலதான் மிச்சப் படம் முழுக்க இருக்கு. கொஞ்ச நேரத்தில அந்த எழுத்தாளர் செத்துப் போறார், கிரிஃபின் கையால. பிறகுதான் தெரியும் ஆள் மாறிப் போச்சு எண்டு, போஸ்ட்கார்ட் தொடர்ந்து வருது.

ரெண்டாவது கடைசிப் பத்து நிமிசம். நடுவில ரெண்டு பேர் வந்து பெரிய நடிகர்கள் இல்லாமல், சோகமான முடிவோட, உண்மையான ஒரு படம் எடுக்கவேணும் எண்டு கெஞ்சிக் கதை சொன்னவை. கடைசியில அந்தப் படம் முடிஞ்சு வருது, ஜூலியா ரொபேர்ட்ஸ் சாகப்போற நேரம் புரூஸ் வில்லிஸ் உடைச்சுக்கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போறார், ஏன் இவ்வளவு நேரம் எண்டு அவ கேக்க வீதியில நெரிசல் எண்டுறார். கதை சொன்ன ஆளே இப்ப அதுக்குச் சந்தோசப்படுறார். பிறகு கிரிஃபின் வீட்ட போறார், பெரிய வீடு, எழுத்தாளரின்ர காதலியா இருந்தவதான் இப்ப அவருக்கு மனைவி, பிள்ளை வயித்தில, அவவும் அதே கேள்வி, இவரும் அதே பதில். அதுக்குக் கொஞ்சம் முதல் காரில வரேக்க போனில ஒராள் கதை சொல்லுறான், கொலை செஞ்சிட்டுத் தப்பின ஒரு ஸ்டூடியோக்காரரின்ர கதை, பேர் த பிளேயர்.

முதல்தரம் இந்த முடிவு எனக்கு வெறுமையா இருந்தது. ரெண்டாந்தரம் பாக்கேக்கதான் அந்த வெறுமையை அவர் வேணுமெண்டே வைச்சிருக்கிறார் எண்டு பட்டது. சந்தோசமான முடிவு வேணும் வேணும் எண்டு கேக்கிற எங்களுக்கு அதைக் கொலைகாரனுக்குக் குடுத்துக் காட்டுறார். இதை விளங்கினாப் பிறகு படத்தில எனக்கு மரியாதை வந்தது, உண்மையாச் சொல்லுறன்.

ஆனா இந்த இடத்திலதான் கனக்கப் பேர் நிப்பாட்டியிடுவினம், நீங்கள் நிப்பாட்டாதேங்கோ. வேணுமெண்டு செய்தது எண்டு தெரிஞ்ச உடன எல்லாத்தையும் மன்னிக்கத் தேவையில்லை. உப்பில்லாத சோத்தைச் சமைச்சவர் உப்பில்லாத வாழ்க்கையைக் காட்டத்தான் அப்பிடிச் சமைச்சனான் எண்டால், அவரின்ர எண்ணம் விளங்கும், வாய்க்கு உப்பு வராது. எது எனக்கு விளங்காமல் போனது, எது விளங்கியும் எனக்குப் பத்தேல்ல எண்டு ரெண்டாப் பிரியுங்கோ. முதலாவதுக்குப் படத்தைக் குறை சொல்லேலாது. ரெண்டாவதில நீங்கள் துணிஞ்சு நில்லுங்கோ.

நான் நிக்கிற இடம் இதுதான். செத்துப்போன எழுத்தாளரைப் படம் மறந்து போகுது. செத்தவீட்டில அவர் கடைசியா எழுதின வரிகளை ஒராள் வாசிக்கிறார், அவ்வளவோட சரி. அவரின்ர காதலி ஜூன் அவரைப் பற்றி ஒரு கேள்வியும் ஆழமாக் கேக்கிறதில்லை, அவவின்ர மனசுக்குள்ள என்ன நடக்குது எண்டு படமும் கேக்கிறதில்லை. ஸ்டூடியோ எழுத்தாளரை எப்பிடி ஒரு பொருட்டா மதிக்கேல்லயோ அதைத்தான் படமும் காட்டுது, அதுதான் நையாண்டி எண்டு சொல்லுவினம், சொல்லுறது விளங்குது. எண்டாலும் எழுத்தாளரை மதிக்காத உலகத்தைத் திட்டுற படம் அந்த எழுத்தாளருக்கு இன்னும் ரெண்டு நிமிசம் குடுத்திருக்கலாம். அந்த ரெண்டு நிமிசம் இல்லாததுதான் என்ர ஏமாற்றம். இப்ப அதை என்னால ஒரு வசனத்தில சொல்ல ஏலும், அண்டைக்கு இரவு ஏலாமல் இருந்தது.

பிடிச்ச ஆளோட கதைக்கிற முறை

எங்கட ஆறு பேரில ஒரு அக்காவுக்கு மட்டும் படம் நல்லாப் பிடிச்சிருந்தது. அண்டைக்கு நாங்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டபடியால் அவ ஒண்டும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போயிட்டா, அது எங்கட பிழை. பிறகு நான் கோல் எடுத்து, "அக்கா, நீங்கள் எந்த இடத்தில சிரிச்சனீங்கள்?" எண்டு கேட்டன். இந்தக் கேள்வியைத்தான் நீங்களும் கேக்கவேணும். ஏன் பிடிச்சது எண்டு கேட்டால் ஆக்கள் தற்காப்புக்குப் போயிடுவினம், எந்த இடம் எண்டு கேட்டால் கண்ணை விரிச்சுக் கதை சொல்லுவினம். அவ பொலிஸ் அணிவகுப்புக் காட்சியைச் சொன்னா, சாட்சி சொல்ல வந்த மனுசி வரிசையில நிண்ட துப்பறியிற பொலிஸ்காரனையே கொலைகாரன் எண்டு கை காட்டுற இடம். நான் அந்த நேரம் பிளேன்டீ ஊத்தப் போயிருந்தனான். அதைப் போய்த் திருப்பிப் பாத்துத் தனிய இருந்து சிரிச்சன்.

ஓவர்ரேட்டட் எண்ட சொல்லை மட்டும் விட்டிடுங்கோ. அந்தச் சொல் படத்தைப் பற்றி ஒண்டும் சொல்லாது, அதைப் பிடிச்ச ஆளைத்தான் கீழ இறக்கும். அலியான்ஸ் பிரான்சேஸ், கோதே மாதிரி வெளிநாட்டுக் கலாசார நிலையங்களில படம் போட்டு பிறகு கலந்துரையாடல் வைக்கிற நேரங்களிலயும் இப்பிடித்தான், எல்லாரும் தலையாட்டினாலும் எழும்பி எனக்கு இந்த இடம் பத்தேல்ல, காரணம் இது எண்டு சொல்லுங்கோ. நான் கவனிச்சதில ஒராள் அப்பிடி எழும்பினால் பின்னால ரெண்டு மூண்டு பேர் எழும்புவினம்.

அடுத்தமுறை நீங்கள்தான் படம் போடுறீங்கள் எண்டால்

என்னை மாதிரி ஒரு மாசமாப் புகழாதேங்கோ. விருதுப் பட்டியலைச் சொல்லாதேங்கோ. இப்பிடியான படத்துக்கு முதல் ரெண்டு மூண்டு தகவல் மட்டும் சொல்லுங்கோ, த பிளேயர் எண்டால் முதல் ஷொட் வெட்டில்லாமல் எட்டு நிமிசம், வாற முகங்கள் கனக்க உண்மையான ஆக்கள் தங்கட சொந்தப் பேரிலயே வருகினம், விழுந்து சிரிக்கிற கொமெடி இல்லை, இவ்வளவும் போதும். ஸ்பீக்கர் நல்லது ஒண்டு கடன் வாங்குங்கோ. ஜன்னலைச் சாத்துங்கோ, வேர்க்கும், பரவாயில்லை. சாப்பாட்டைப் படத்துக்கு முதல் முடியுங்கோ, வயிறு காய்ஞ்ச ஆளுக்கு ஒரு நையாண்டியும் ஏறாது.

வாற ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு அண்ணையின்ர ஹோலில பைசிக்கிள் தீவ்ஸ் போடப்போறம், த பிளேயருக்குள்ள ஓடின அதே படம். எங்கட ஆறு பேரில நாலு பேர் அதை இன்னும் பாக்கேல்ல. குரூப்பில நான் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்ல, பின்னேரம் அஞ்சு மணி, ஆளுக்கு ஒரு பேனை கொண்டு வாங்கோ எண்டு மட்டும் போட்டிருக்கிறன். அந்த அக்காவும் வாறன் எண்டிருக்கிறா.